சீனா வர்றவங்களுக்கு விபிஎன்: நீங்க கேட்டது, நான் சொன்னது

குவாங்சோவுல நெட்வொர்க் வேலை பாக்குறேன், பல வருஷமாச்சு. இங்க வர்ற நம்மாளுங்க முதல்ல கேக்குறது சாப்பாடு, அடுத்தது வாட்ஸ்அப். சாப்பாட்டுக்கு என்னை விட விவரமான ஆளுங்க இருக்காங்க. இங்க அரசாங்கம் தடுத்து வச்சிருக்கிற வாட்ஸ்அப், ஜிமெயில், யூடியூப் எப்படித் திறக்கிறதுன்னு மட்டும் என்கிட்ட கேளுங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். விபிஎன்னா வேற ஒண்ணும் இல்ல, உங்க நெட்டைப் பூட்டி மறைச்சு வெளிநாட்டு சர்வர் வழியா கொண்டு போற ஆப்.

அண்ணா, எம்பிபிஎஸ் ஃபர்ஸ்ட் இயர் சேர வர்றேன். அங்க என்னெல்லாம் ஓடாது, எந்த விபிஎன் பெஸ்ட்? மூணு வருஷ பிளான் ஆஃபர்ல வருது, வாங்கிடவா?

வாங்காத தம்பி, அதை முதல்ல சொல்லிடறேன்.

கூகுள் பேர்ல இருக்கிற எதுவும் இங்க ஓடாது, சர்ச், மேப்ஸ், டிரைவ், ப்ளே ஸ்டோர் எல்லாமே. யூடியூப், பேஸ்புக், ட்விட்டர் மூணும் 2009லயே போயிடுச்சு, இன்ஸ்டாகிராம் 2014ல, ஜிமெயில் அதே வருஷ கடைசியில, வாட்ஸ்அப் 2017ல, விக்கிபீடியா 2019ல எல்லா மொழியும் சேத்து, அதாவது நம்ம தமிழ் விக்கிபீடியாவும் தான். ஓடுறது என்னன்னா பிங், அவுட்லுக் மெயில், டீம்ஸ், ஐபோன்ல ஃபேஸ்டைம். அதனால காலேஜுக்கு குடுக்கிற மெயில் ஐடியை அவுட்லுக்ல ஒண்ணு தொடங்கிக் குடு, பாதி டென்ஷன் அங்கயே போயிடும்.

எது பெஸ்ட்னு ஒரு பேர் சொன்னா அது நான் உனக்குப் பண்ற துரோகம். இன்னைக்கு நல்லா ஓடுறது அடுத்த மாசம் படுத்துரும், அப்புறம் திரும்ப எந்திரிக்கும். அதனாலதான் மூணு வருஷத்துக்குக் காசு கட்டாதன்னு சொல்றேன், மாசா மாசம் கட்டு, கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல. ரெண்டு வேற வேற கம்பெனி வச்சுக்கோ, ஒண்ணு படுத்தா இன்னொண்ணு. ரெண்டையும் ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடியே போன்லயும் லேப்டாப்லயும் போட்டு, லாகின் பண்ணி, ஒரு தடவை கனெக்ட் ஆகுதான்னு பாத்துட்டு வா. இங்க வந்து இறக்கிக்கலாம்னு நினைச்சா முடியாது, விபிஎன் கம்பெனி வெப்சைட்டே பிளாக், ப்ளே ஸ்டோர் கிடையாது, ஆப்பிள் 2017லயே சீனா ஆப் ஸ்டோர்ல இருந்து விபிஎன் ஆப்பையெல்லாம் தூக்கிட்டாங்க. இந்திய ஆப்பிள் ஐடி இருந்தா அதை சீனாவுக்கு மாத்திடாத.

இதுல ஒரு கூத்து, சாட்டுக்கும் காசு குடுக்கவும் இங்க எல்லாரும் வச்சிருக்கிற வீசாட் ஆப் இல்லாம டீ கூட குடிக்க முடியாது, ஆனா இந்தியாவுல 2020 ஜூன்ல டிக்டாக்கோட சேத்துத் தடை பண்ணின 59 ஆப்ல வீசாட்டும் ஒண்ணு. இந்திய ஸ்டோர்ல அது கிடைக்காது. இங்க வந்து அக்கவுண்ட் தொடங்கும்போது, ஏற்கனவே அக்கவுண்ட் வச்சிருக்கிற ஒருத்தர் ஸ்கேன் பண்ணி உறுதி பண்ணச் சொல்லிச் சில சமயம் கேக்கும், சீனியர் யாரையாவது இப்பவே புடிச்சு வச்சுக்கோ.

தம்பி, சிவகாசியில இருந்து. குவாங்சோவுல நடக்கிற கான்டன் ஃபேர் கண்காட்சிக்கு அக்டோபர்ல அஞ்சு நாள் வர்றேன், பிரிண்டிங் மிஷின் பாக்கணும். பார்ட்டி எல்லாம் வாட்ஸ்அப்ல தான். எனக்கு எந்த விபிஎன் தோதா இருக்கும்?

அண்ணாச்சி, உங்களுக்கு விபிஎன்னே வேண்டாம். உங்க ஏர்டெல் இல்ல ஜியோ நம்பர்ல சீனாவுக்கு ரோமிங் பேக் போட்டுட்டு வாங்க, அவ்வளவுதான். ரோமிங்ல நீங்க பயன்படுத்துற டேட்டா இங்க டவர்ல ஏறினாலும் நேரா இந்தியாவுல உங்க கம்பெனிக்குப் போய் அங்க இருந்துதான் வெளிய போகும். இன்டர்நெட்டுக்கு நீங்க இந்தியாவுல இருக்கிற மாதிரிதான் தெரியும், நடுவுல இருக்கிற ஃபயர்வால், அதாவது சீனாவோட இன்டர்நெட் தடுப்புச் சுவர், உங்களைத் தொடாது. வாட்ஸ்அப், ஜிமெயில் எல்லாம் சும்மா ஓடும். ஹாங்காங் சிம், இல்ல வெளிநாட்டுக் கம்பெனி விக்கிற ட்ராவல் இ-சிம், அதுவும் இதே கதைதான், டேட்டா அதிகம் வேணும்னா அது மலிவா விழும். போன்ல இ-சிம் வசதி இருக்கான்னு பாத்துட்டு ஊர்லயே போட்டுக்கோங்க.

ஒண்ணு மட்டும், ஹோட்டல் வைஃபைல ஏறிட்டீங்கன்னா அது சீனா நெட்டு, எல்லாம் நின்னுடும். வாட்ஸ்அப் திடீர்னு சுத்துச்சுன்னா வைஃபையை ஆஃப் பண்ணுங்க. லேப்டாப்புக்கு போன்ல இருந்தே ஹாட்ஸ்பாட். வர்ற வழியில ஹாங்காங்ல ரெண்டு நாள் தங்கினா அங்க இந்தத் தடை எதுவும் கிடையாது.

ஷாங்காய்ல ஐடி வேலை. பெரிய பிராண்டு, காசு குடுத்து வாங்கினது, சென்னையில பறந்துச்சு, இங்க வந்தா கனெக்டிங் கனெக்டிங்னு நிக்குது. கஸ்டமர் கேர்ல சர்வர் மாத்திப் பாருங்கன்னே சொல்றான்.

சர்வர் மாத்தினா போதாது பாஸ், ப்ரோட்டோகாலை, அதாவது ஆப் தன் சர்வரோட பேசுற முறையை மாத்தணும். இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா விபிஎன் தேர்ந்தெடுக்கிறது தானா வந்துரும்.

இங்க தடுக்கிறது ஒரே முறையில இல்ல. முதல் அடுக்கு டிஎன்எஸ், அதாவது சைட் பேருக்கு அதோட ஐபி நம்பரைச் சொல்ற விலாசப் புத்தகம், நீங்க பேஸ்புக் அட்ரஸ் எங்கன்னு கேட்டா பொய்யான ஐபி குடுத்துருவான். அடுத்தது ஐபியையே பிளாக் பண்றது. அப்புறம் நீங்க எந்த சைட்டுக்குப் போறீங்கன்னு கனெக்ஷன் ஆரம்பிக்கும்போது வர்ற சைட் பேரைப் படிச்சு நடுவுலயே வெட்டி விடுறது. இந்த மூணையும் சாதாரண விபிஎன் தாண்டிரும். நாலாவதுதான் வில்லன், போற வர்ற டேட்டா பாக்கெட்டோட வடிவத்தைப் பாத்தே இது விபிஎன்னு கண்டுபிடிக்கிறது. உள்ள என்ன எழுதியிருக்குன்னு அவனுக்குத் தெரியாது, ஆனா பார்சலைப் பிரிக்காம கையில தூக்கிப் பாத்தே உள்ள சேலையா பாத்திரமான்னு சொல்ற கூரியர்காரன் மாதிரி சொல்லிடுவான். ஓப்பன்விபிஎன், வயர்கார்டுன்னு பரவலா இருக்கிற ரெண்டு ப்ரோட்டோகாலுக்கும் ஆரம்பத்துலயே ஒரு அடையாளம் இருக்கு, நல்ல ப்ரோட்டோகால்தான், பாதுகாப்பானதுதான், ஆனா ஒளிஞ்சு போறதுக்குன்னு செஞ்சது இல்ல. சென்னையில ஒளிய வேண்டிய அவசியம் இல்லாததால பறந்துச்சு, இங்க மாட்டிக்குது.

சந்தேகம் வந்தா ஃபயர்வால் தரப்புல இருந்தே அந்த சர்வரைக் கூப்பிட்டுப் பாப்பாங்க, நீ விபிஎன் தானேன்னு சோதிக்க, அது விபிஎன் மாதிரி பதில் சொன்னா அந்த ஐபி காலி. இது போதாதுன்னு 2021 நவம்பர்ல இருந்து, எந்த அடையாளமும் இல்லாம முழுக்க முழுக்க குப்பை மாதிரி தெரியுற டிராஃபிக்கையும் சந்தேகப்பட்டு வெட்ட ஆரம்பிச்சாங்க, ஷேடோசாக்ஸ் மாதிரி, டிராஃபிக்கை அப்படி மறைச்சு அனுப்புற கருவிங்க அப்பதான் நல்லா அடி வாங்கிச்சு. அதனால இப்ப ஒண்ணுமே இல்லாத மாதிரி நடிக்கிறதை விட, சாதாரண வெப்சைட் டிராஃபிக் மாதிரி வேஷம் போடுறதுதான் நிலைக்குது. ட்ரோஜன்னு ஒரு ப்ரோட்டோகால் (வைரஸ் இல்ல), வி2ரே குடும்பம் எல்லாம் அந்த வழிதான்.

ஆகவே விபிஎன் வாங்கும்போது எத்தனை நாட்டுல எத்தனை ஆயிரம் சர்வர்னு போட்டிருக்கிறதைப் பாக்காதீங்க. சாட்ல போய் ஒரே கேள்வி கேளுங்க: "சீனாவுக்குள்ள இருந்து கனெக்ட் பண்ண தனி ப்ரோட்டோகால் இருக்கா, அதை எங்க ஆன் பண்றது?" உடனே செட்டிங் பேரைச் சொன்னான்னா அவனுக்கு இங்க கஸ்டமர் இருக்காங்கன்னு அர்த்தம். ஆஸ்ட்ரில் இங்க வெளிநாட்டுக்காரங்க ரொம்ப நாளா வச்சிருக்கிறது, ஸ்டெல்த்னு தனி ப்ரோட்டோகால் உண்டு, விலை மட்டும் கையைக் கடிக்கும். மல்வாட் மாசம் 5 யூரோ, ஒரே ரேட்டு, ஆஃபர் கீஃபர்னு நச்சரிப்பு கிடையாது, செட்டிங்ல ஷேடோசாக்ஸ் வழியா போற ஆப்ஷன் இருக்கு. ரெண்டுமே எல்லா நாளும் ஓடும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்.

கனெக்ட் ஆகுது, ஆனா சாயங்காலம் ஆனா யூடியூப் உருளுது. விபிஎன் மாத்தணுமா?

விபிஎன் மேல தப்பு இருக்காது. சீனாவுல இருந்து வெளிய போற லைன் பெரும்பாலும் மூணு அரசுக் கம்பெனி கையில, சைனா டெலிகாம், சைனா யூனிகாம், சைனா மொபைல். ராத்திரி எட்டு மணிக்கு மேல எல்லாரும் வீட்டுக்கு வந்து நெட்டைத் திறந்தா அந்த வாசல்ல நெரிசல். ஹாங்காங், ஜப்பான், சிங்கப்பூர்னு மாத்திப் பாருங்க, சில சமயம் லாஸ் ஏஞ்சலஸ் சர்வர் பக்கத்துல இருக்கிறதை விட வேகமா வரும், மேப்ல தூரம் பாத்து முடிவு பண்ண முடியாது. மார்ச்ல பார்லிமென்ட் கூட்டம் நடக்கும்போது, தியானன்மென் நினைவு நாளான ஜூன் 4 சமயத்துல, அக்டோபர் 1 தேசிய தினத்துக்கு, கட்சி மாநாடு வந்தா, அப்பெல்லாம் இறுக்கிப் பிடிப்பாங்க. அந்த வாரத்துல விபிஎன்னை மாத்தாதீங்க, பொறுமையா இருங்க.

பையன் மெடிக்கல் படிக்கிறான் சார். ப்ரீ விபிஎன் ஏகப்பட்டது இருக்கே, அது போதாதா?

சார், ப்ரீயா குடுக்கிறவன் எதை வித்துப் பொழைக்கிறான்னு பாருங்க. ஒனாவோன்னு பேஸ்புக்கே ஒரு ப்ரீ விபிஎன் நடத்துச்சு, ஆள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பாக்குறான்னு அது வழியா எடுத்துக்கிட்டாங்க, 2018ல ஆப்பிள் ஸ்டோர்ல இருந்து வெளிய போக வேண்டியதாச்சு. ஹோலான்னு ஒண்ணு, ப்ரீயா பயன்படுத்துறவங்களோட இணைப்பையே வேற ஆளுங்களுக்குக் காசுக்கு விட்டது 2015ல வெளிய வந்துச்சு. 2020ல ஹாங்காங்ல இருந்து நடத்தின ஏழு ப்ரீ விபிஎன், எதையும் சேத்து வைக்கிறதில்லன்னு சொல்லிட்டு சேத்து வச்ச டேட்டா 1.2 டெராபைட் திறந்து கிடந்துச்சு, பாஸ்வேர்டு உட்பட. பையன் அதே போன்லதான உங்க பேங்க் அக்கவுண்டைத் திறப்பான்?

எல்லாமே மோசம்னு சொல்லல. ப்ரோட்டானோட ப்ரீ பிளான், சைஃபான், லேன்டர்ன் இதெல்லாம் ஆபத்துக்குப் போன்ல கிடக்கட்டும். ஆனா வேகம், நிலைப்பு ரெண்டையும் எதிர்பாக்கக் கூடாது.

நோ லாக்ஸ், நோ லாக்ஸ்னு, அதாவது நீங்க பண்றது எதையும் பதிஞ்சு வைக்கிறதில்லன்னு காசு வாங்குறவனும்தான் போடுறான். எப்படி நம்புறது?

போலீஸ் வந்த கதை இருக்கான்னு பாருங்க. 2017ல துருக்கியில ஒரு கொலை விசாரணைக்கு எக்ஸ்பிரஸ்விபிஎன் சர்வரைத் தூக்கிட்டுப் போனாங்க, உள்ள ஒண்ணும் கிடைக்கல. 2023 ஏப்ரல்ல ஸ்வீடன் போலீஸ் மல்வாட் ஆபீசுக்கு வாரன்ட்டோட வந்தாங்க, எடுக்க கஸ்டமர் டேட்டாவே இல்லன்னு வெறுங்கையா திரும்பினாங்க. வெப்சைட்ல எழுதி வைக்கிறதை விட இது பெரிய சர்டிஃபிகேட்.

தம்பி, வீட்டுக்காரர் டோங்குவான்ல கம்பெனியில இருக்கார். விபிஎன் போட்டா போலீஸ் புடிக்கும்னு ஒருத்தர் பயமுறுத்துறாங்க. நிஜமா?

அக்கா, பூசி மெழுகாம சொல்றேன். அனுமதி இல்லாத விபிஎன் இங்க சட்டப்படி தப்பு. 1996ல போட்ட விதியில 15,000 யுவான் வரைக்கும் அபராதம் போட இடம் இருக்கு. 2018 கடைசியில இதே குவாங்டாங் மாகாணத்துல ஒருத்தருக்கு 1,000 யுவான் போட்டாங்க, அவர் சீனாக்காரர். மெயில் பாக்க, வீட்டுக்குப் பேச விபிஎன் போடுற வெளிநாட்டுக்காரங்களை சாதாரணமா யாரும் தேடி வர்றதில்ல, ஆனா அது கண்டுக்காம விடுறது, அனுமதி இல்ல. வடமேற்குல ஷின்ஜியாங் பக்கம் போனா கதையே வேற, கெடுபிடி அதிகம், அங்க போகும்போது போன்ல விபிஎன் இல்லாம இருக்கிறதே நல்லது.

நிஜமான ஆபத்து விக்கிறதுல இருக்கு. 2017ல குவாங்ஷியில விபிஎன் வித்த ஒருத்தருக்கு அஞ்சரை வருஷ ஜெயில், 5 லட்சம் யுவான் அபராதம். சில ஸ்டூடன்ட்ஸ் பாக்கெட் மணிக்கு அக்கவுண்டைப் பிரிச்சு க்ளாஸ்மேட்டுக்கு விக்கிறாங்க, தயவு செஞ்சு அது மட்டும் வேண்டாம். அண்ணனோட கம்பெனி டெலிகாம்கிட்ட முறையா இன்டர்நேஷனல் லைன் எடுத்திருந்தா ஆபீஸ் வேலைக்கு அதையே பயன்படுத்தலாம், அது சட்டப்படி சரி, ஐடி டீம்கிட்ட கேக்கச் சொல்லுங்க.

எனக்குத் தலைகீழ் பிரச்சினை. இங்க இருந்து சில இந்திய அரசாங்க சைட் திறக்கல. இந்தியா சர்வர் இருக்கிற விபிஎன் சொல்லுங்க.

வெளிநாட்டு ஐபியைச் சில சைட் அங்கயே தடுத்து வச்சிருக்காங்க, அதுக்கு சீனா காரணம் இல்ல. 2022ல இந்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டாங்க, விபிஎன் கம்பெனிங்க கஸ்டமர் விவரத்தை அஞ்சு வருஷம் வச்சிருக்கணும்னு. அதுக்கு ஒத்துக்காம எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க் மூணும் இந்தியாவுல இருந்த சர்வரை எடுத்துட்டாங்க. இப்ப இந்தியான்னு காட்டுறது பல கம்பெனியில சிங்கப்பூர் மாதிரி இடத்துல உக்காந்துக்கிட்டு இந்திய ஐபி குடுக்கிற சர்வர். அதுல முக்கால்வாசி சைட் திறந்துரும். திறக்கலன்னா இந்திய சிம் ரோமிங்கைப் பத்து நிமிஷம் ஆன் பண்ணி வேலையை முடிங்க. எப்படியும் ஓடிபிக்கு அந்த சிம் உயிரோட இருக்கணும்.

துபாய்ல இருக்கேன் பாய், வாட்ஸ்அப் கால் மட்டும் தான் வேணும். சீனாவுக்கு சொன்னதே எனக்கும் சரியா?

இல்ல பாய். அங்க மெசேஜ் ஓடுது, கால் மட்டும் அடைச்சிருக்கு, போடிம் மாதிரி அனுமதி வாங்கின ஆப் இருக்கு. ஆனா விபிஎன்னை வச்சுக் குற்றம் பண்ணினா, இல்ல குற்றத்தை மறைச்சா 5 லட்சத்துல இருந்து 20 லட்சம் திர்ஹாம் வரைக்கும் அபராதம்னு சட்டத்துல இருக்கு. தடுத்து வச்சிருக்கிற வாட்ஸ்அப் கால் பேசுறதைக் குற்றமா எடுத்துக்குவாங்களான்னு நீங்க சோதிச்சுப் பாக்க வேண்டாம், போடிம் போடுங்க.

விபிஎஸ், அதாவது வெளிநாட்டுல வாடகை சர்வர் வாங்கி, நானே விபிஎன் சர்வர் போட்டுக்கலாமா?

லினக்ஸ் பழக்கம் இருந்தா தாராளமா. ஐபி பிளாக் ஆகும், மாத்தணும், அது உங்க வேலை. செமஸ்டர் எக்ஸாம் முந்தின நாள் பிளாக் ஆனா என்னைத் திட்டக் கூடாது.

அம்மாவுக்கு தினமும் வீடியோ கால், அது போதும் எனக்கு. விபிஎன் போட்டா வீசாட் பே, டிடி டாக்ஸி எல்லாம் மக்கர் பண்ணுது.

விபிஎன் செட்டிங்ல ஸ்ப்ளிட் டனலிங்னு இருக்கும், அதுல வீசாட், அலிபே, டிடி மூணையும் வெளிய எடுத்து விடுங்க, நேரா சீனா நெட்லயே போகட்டும். ஆண்ட்ராய்டுல இது சுலபம், ஐபோன்ல பெரும்பாலும் வராது, கடைக்குப் போகும்போது ஆஃப் பண்ணிக்க வேண்டியதுதான். அம்மாகிட்டயும் ஐபோன் இருந்தா ஃபேஸ்டைம், விபிஎன் தேவையே இல்ல. இல்லன்னா அவங்க போன்ல டீம்ஸ் போட்டு ஒரு தடவை சொல்லிக் குடுத்துட்டு வாங்க. அடிக்கிற பச்சை பட்டன் எங்க இருக்குன்னு முதல் வாரம் பூரா கேப்பாங்க, அதுக்கு எந்த விபிஎன்னும் உதவாது.