அப்பா ஒன்றும் சொல்லவில்லையா?

கேள்வி: எனக்கு 37 வயது, வில்லிவாக்கத்தில் அப்பா, மனைவி, பையனோடு இருக்கிறேன். ஹிமாலயன் பைக் வாங்கியதே ஒரு நாள் லடாக் போவதற்காகத்தான். ஜூன் கடைசியில் 22 நாள் லீவு போட்டு, சென்னையிலிருந்தே ஓட்டிப்போய் மணாலி வழியாக லே, பாங்காங், சோ மோரிரி, சோ கார் ஏரிகளைச் சுற்றி வர பிளான். எந்த ஊரில் பெட்ரோல் போடுவது, எங்கே தங்குவது என்று எல்லாம் குறித்துவிட்டேன். பையனைக் காலையில் ஸ்கூலில் விடுவதையும், சாயங்காலம் ஏழரைக்கு டியூஷனிலிருந்து கூட்டி வருவதையும் அப்பா ஸ்கூட்டியில் பார்த்துக்கொள்வார். அவருக்கு ஜூனில் இருந்த கண்புரை ஆபரேஷனைக்கூட செப்டம்பருக்குத் தள்ளிவிட்டோம், அப்போது மறுபடி லீவு கிடைக்கும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மனைவி மட்டும் வேண்டாம் என்கிறாள். அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, மனைவியைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. பைக், பிசினஸ், வெளிநாட்டு வேலை என்று விஷயம்தான் மாறும். உங்கள் மனைவி ஏன் வேண்டாம் என்கிறார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் கேட்கவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அதை அப்புறம் பார்ப்போம். அதற்கு முன்னால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரி இருக்கிறதே, "அப்பா ஒன்றும் சொல்லவில்லை", அதைப் பற்றிப் பேச வேண்டும்.

கண்ணில் புரை இருக்கிறவருக்கு எது ரொம்பக் கஷ்டம் தெரியுமா? இருட்டில் எதிரே வரும் ஹெட்லைட். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மங்கிப்போயிருப்பதால் வெளிச்சம் நேராக உள்ளே போகாமல் சிதறும். ஒரு விளக்கு பெரிய வட்டமாகப் பரவித் தெரியும், அதற்குப் பக்கத்தில் நடந்து வரும் ஆள் தெரியமாட்டார். ஜூன் மாதம் சென்னையில் ஆறே முக்காலுக்குள் சூரியன் இறங்கிவிடும், நீங்கள் அவரை வண்டி எடுக்கச் சொல்வது ஏழரை மணிக்கு. கொன்னூர் ஹைரோட்டில் அந்த நேரத்தில் பஸ், ஆட்டோ, மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்பு, ராங் சைடில் வரும் டெலிவரி பையன்கள் என்று கண் நன்றாக இருக்கிறவர்களே தடுமாறுகிறார்கள். அங்கே கண் மங்கிய மனிதர் ஒருவர் ஸ்கூட்டி ஓட்டுவார், பின்னால் உங்கள் பையன் உட்கார்ந்திருப்பான். உங்கள் பிளானில் இருப்பதிலேயே ஆபத்தான பயணம் அதுதான். அதற்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே ஒரு வரி. பெட்ரோல் பங்குகளுக்கு ஒரு பட்டியலே போட்டிருக்கிறீர்கள்.

மூன்று மாதம் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று பயமுறுத்த வரவில்லை. கண்புரை ஆபரேஷன் பெரும்பாலும் அவசர ஆபரேஷன் இல்லை, டாக்டரும் தேதியை மாற்றித்தான் கொடுத்திருப்பார். என் கோபம், தேதி யாருக்காக மாறியது என்பதில். அந்த வயதில் ஒரு தகப்பன் மகனிடம் "எனக்குக் கண் தெரியவில்லைடா, நீ இரு" என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்டால் பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நின்றதாக ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொள்வார், ஸ்கூட்டி சாவியையும் வாங்கிக்கொள்வார். நம் வீடுகளில் பெரியவர்கள் சும்மா இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதை நான் எப்போதுமே ஏற்பதில்லை. பெற்றவர்கள் கேட்காமலே கவனித்துச் செய்வதுதான் பிள்ளையின் வேலை. பழைய பஞ்சாங்கம் என்று நினைத்தாலும் சரி, நான் இதை மாற்றிச் சொல்லப் போவதில்லை.

இன்னொன்றும் யோசித்தீர்களா? இங்கே வாங்கிய ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் சோ மோரிரி கரையில் இருக்கும் கோர்சோக் கிராமத்தில் சிக்னலை நம்பி இருக்க முடியாது. அந்த நேரத்தில் அப்பா விழுந்துவிட்டார் என்று உங்கள் மனைவி கூப்பிட்டால் யார் எடுப்பது? செய்தி கிடைத்தாலும், அங்கிருந்து லேவுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் மலை ரோடு, கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க. லேவிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான், அதனால் மறுநாள் காலையில் ஏறி, டெல்லியில் மாறி, சென்னை வரவேண்டும். இதெல்லாம் ஒரு நிமிஷத்தில் உங்கள் மனைவிக்குத் தோன்றியிருக்கும். மாமனாரைக் கவனித்துக்கொள்வதிலிருந்து பையன் ஹோம்வொர்க் வரை யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்பது பைக்கை இல்லை, தம்பி.

போகாதே என்று சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ, நான் அப்படிச் சொல்லமாட்டேன். போக வேண்டிய இடம்தான் அது. 4,200 மீட்டருக்கு மேலே 130 கிலோமீட்டருக்கும் நீளமாக, திபெத்துக்குள்ளும் போய்க்கொண்டிருக்கும் உப்பு ஏரி பாங்காங், குளிர்காலத்தில் உப்புத்தண்ணீரே உறைந்துவிடும். அதைப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? செப்டம்பரில் லீவு கிடைக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆபரேஷன் ஜூனில், பைக் செப்டம்பரில். இவ்வளவுதான் மாற்றம்.

பயணத்துக்கும் அதுதான் நல்லது. ஜூன் கடைசியில் மணாலி ரோட்டில் பனி உருகி ரோட்டின் குறுக்கே ஓடும், மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறும், பைக்கை இறக்கவே பயமாக இருக்கும். அடுத்து ஜூலை, ஆகஸ்டில் இமாசலில் மழை, நிலச்சரிவு. செப்டம்பரில் தண்ணீர் வற்றும், வானம் தெளியும், கூட்டமும் குறையும். ராத்திரி குளிர் மட்டும் கடுமை, ஏரிக்கரையில் பூஜ்யத்துக்குக் கீழே போகும், அதற்கு நல்ல ஜாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். சோ காரில் கருங்கழுத்துக் கொக்குகள் அப்போதும் இருக்கும்.

22 நாளும் தேவையில்லை. சென்னையிலிருந்து டெல்லி வரை 2,200 கிலோமீட்டர் ஹைவேயில் நீங்கள் தேடும் ஏரி ஒன்றும் இல்லை, வெயிலும் லாரியும்தான். சென்ட்ரலில் பார்சல் ஆபீஸில் பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ஆர்.சி. நகலோடு பைக்கை டெல்லிக்கு புக் செய்துவிட்டு நீங்களும் ரயிலில் போங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து நாலைந்து நாளாவது மிச்சம், அந்த நாட்கள் உங்கள் மனைவிக்குச் சேர வேண்டியவை. மிச்சப்படுத்துகிறேன் என்று லேவில் ஓய்வை மட்டும் வெட்டாதீர்கள், அந்த ஊரே 3,500 மீட்டரில் இருக்கிறது, உடம்பு அந்த உயரத்துக்குப் பழக இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு ஏரிக்குக் கிளம்புங்கள். தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏறவே கூடாது.

செப்டம்பரிலும் அந்த டியூஷன் ஏழரை மணிக்குத்தான் விடும். அதற்கு ஒரு வேன் அல்லது தெரிந்த ஆட்டோ பேசி வையுங்கள், நீங்கள் இல்லாத நாட்களுக்கு அந்தப் பணம் பைக் செலவுக் கணக்கில் வரட்டும். ஆபரேஷன் ஆன கண் என்றாலும் அடுத்த கண் பாக்கி இருக்கலாம், ராத்திரியில் வண்டி ஓட்டலாமா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும், நீங்களோ அப்பாவோ இல்லை.

நாளைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து பழைய ஜூன் தேதி இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அதற்கு அடுத்து கிடைக்கும் முதல் தேதி. ஆபரேஷன் அன்று கூடப் போகவேண்டியது நீங்கள். அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடவேண்டியிருக்கும், காலையும் ராத்திரியும் உங்கள் பொறுப்பு, மனைவியிடம் தள்ளாதீர்கள். இதெல்லாம் முடிவான பிறகு மனைவியிடம் உட்கார்ந்து, ஏன் வேண்டாம் என்றாய் என்று கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். ஆபீஸுக்குக் கொடுத்த லீவு லெட்டரைத் திருப்பி வாங்கி செப்டம்பர் தேதி போட்டுக் கொடுங்கள்.