கேள்வி-பதில்: சின்ன ரிக்குக்கு எந்த லீனியர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹாம் ரேடியோக்காரர்களுடையவை, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்பவர்களுடையவை. எல்லோரிடமும் 5 வாட், 10 வாட் ரிக், அதாவது ரேடியோப் பெட்டி. எல்லோருக்கும் அதன் சக்தியைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். அதைத்தான் 'லீனியர்' என்கிறோம்.

கேள்வி: என்னிடம் யேசு எஃப்.டி.817 இருக்கிறது, 5 வாட். 7 மெகாஹெர்ட்ஸில் 'குரல் சன்னமாக வருகிறது' என்கிறார்கள். 20 வாட் லீனியர் போதுமா, 50 வேண்டுமா, 100 வேண்டுமா? (திருச்சி)

20 வாங்காதீர்கள். 5 வாட்டை நான்கு மடங்காக்கினால் எதிராளியின் சிக்னல் மீட்டரில் ஒரே ஒரு எஸ் (ஒரு படி) ஏறும், அவ்வளவுதான். 50 வாட்டுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல், 100-க்கு இரண்டுக்குச் சற்று மேல். ஆக 50-க்கும் 100-க்கும் நடுவே அரை எஸ்தான் வித்தியாசம். ஆனால் கரண்ட் இரட்டிப்பாகும். 13.8 வோல்ட்டில் 50 வாட் எடுக்க ஏறக்குறைய 8 ஆம்பியர், 100 வாட்டுக்கு 16 முதல் 20 ஆம்பியர். அதற்கேற்ற பவர் சப்ளை தனிச் செலவு. 50 வாட் போதும்.

அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: ஆன்டெனா எங்கே தொங்குகிறது? 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (நடுவில் கேபிள் சேரும் கம்பி ஆன்டெனா) மொத்தம் 20 மீட்டர் கம்பி. அது மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போனால், முதலில் இரண்டு மூங்கில் வாங்கி உயர்த்திக் கட்டுங்கள். உங்களுக்குக் கேட்பதும் சேர்ந்து தெளியும். லீனியரால் அது முடியாது.

கேள்வி: 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. (பொதுமக்களுக்கான) ரேடியோவுக்கான பழைய பூஸ்டர் மலிவாக வருகிறது. வாங்கலாமா? (ஓசூர்)

வேண்டாம்.

கேள்வி: '70 வாட் கிட்' ஒன்று இணையத்தில் மிக மலிவு. ஃபில்டர் பற்றி விளம்பரத்தில் எதுவும் இல்லை. அது அவசியமா? (நாகர்கோவில்)

அவசியம். இதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்பது எனக்கு வருத்தம். எந்த ஆம்ப்ளிஃபயரும் நீங்கள் கொடுக்கும் அலைவரிசையோடு அதன் மடங்குகளையும் உண்டாக்கும். 7.1-இல் பேசினால் 14.2-லும் 21.3-லும் உங்கள் குப்பை போய் விழும். இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் அமைப்பில் இரண்டாவது மடங்கு ஓரளவு அடங்கும், மூன்றாவது அடங்காது. அதைத் தடுப்பது, குறைந்த அலைவரிசையை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டர். வளையங்களில் சுற்றிய கம்பியும் சில கெப்பாசிட்டர்களும்தான் அது. அதைக்கூட வைக்காமல் விற்கிறார்கள்.

"ரிக்கிலேயே ஃபில்டர் இருக்கிறதே" என்பார் கடைக்காரர். ஏற்காதீர்கள். அந்த ஃபில்டர் லீனியருக்கு முன்னால் இருக்கிறது, குப்பை அதற்குப் பின்னால் உண்டாகிறது. அமெரிக்காவின் எஃப்.சி.சி. விதிப்படி, 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தக் கழிவு மூல சிக்னலைவிட 43 டெசிபல், அதாவது ஏறக்குறைய இருபதாயிரத்தில் ஒரு பங்காக, குறைந்திருக்க வேண்டும். 50 வாட்டுக்கு வெறும் 2.5 மில்லிவாட். ஃபில்டர் இல்லாத வெறும் போர்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.

எல்லா பேண்டுக்கும் (அலைவரிசைப் பகுதிக்கும்) ஒரே ஃபில்டரும் ஆகாது. 7-க்கானது 14-ஐ வெட்டிவிடும். 14-க்கானதைப் போட்டுக்கொண்டு 7-இல் பேசினால் இரண்டாவது மடங்கு அப்படியே தப்பி வெளியேறும். ஒரே பேண்டில்தான் பேசுவீர்கள் என்றால், கிட்டோடு அந்த பேண்டுக்கான ஃபில்டரைத் தனியாக வாங்கிப் போடுங்கள். அப்புறம், அந்த 70 வாட் எத்தனை வோல்ட்டில், எந்த பேண்டில் என்றும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: 50 வாட் என்று சொல்லி ஆன்லைனில் விற்றார்கள். டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை உறிஞ்சும் சோதனைத் தடை) அளந்தால் 18 வாட்தான். விற்றவர் 'உங்கள் மீட்டர் தப்பு' என்கிறார். ஓய்வூதியப் பணம் ஐயா. (கும்பகோணம்)

டம்மி லோடில் அளந்தீர்களே, அதுவே பெரிய விஷயம். உங்கள் பக்கம் தப்பில்லை. ஒலிபரப்பும் கீயை அழுத்தியிருக்கும்போது சப்ளை வோல்ட்டேஜ் 13-க்குக் கீழே இறங்கவில்லை, ரிக் லீனியருக்குச் சொன்ன அளவு டிரைவ் (உள்ளீட்டுச் சக்தி) கொடுக்கிறது, இரண்டையும் மீட்டரோடு ஒரே வீடியோவில் பதிவு செய்யுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மாட்டேன் என்று விற்றவர் சொல்ல முடியாது. அடுத்து 1915-ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லையா, உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

பெட்டியைத் திறக்க முடிந்தால், டிரான்சிஸ்டர் மேல் உள்ள எழுத்தை அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். நான் ஃபைனலுக்கு (கடைசிப் பெருக்கக் கட்டத்துக்கு) வாங்கிய ஆர்.டி.16 டிரான்சிஸ்டர்களில் எழுத்து மையாகக் கரைந்து பஞ்சில் வந்தது. அடியில் தேய்த்த தடம். போலி. அந்தப் பணம் எனக்குத் திரும்பவில்லை, உங்களுக்குத் திரும்ப வேண்டும். ஒன்று மட்டும், திறப்பதால் வாரண்டி போகுமானால், பணம் கைக்கு வரும்வரை திறக்காதீர்கள்.

கேள்வி: புது 50 வாட் லீனியரை என் பழைய 10 வாட் ட்யூனர் (ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் பெட்டி) வழியாக ஆன்டெனாவுக்குக் கொடுத்தேன். ட்யூனரில் புகை, லீனியரும் போய்விட்டது. வாரண்டி கேட்கலாமா? (சேலம்)

கேட்காதீர்கள். ட்யூனரின் முகப்பிலேயே 10 வாட் என்று அச்சடித்திருக்கும். லீனியர் வாங்குகிறவர் அதற்குப் பின்னால் உள்ள ட்யூனர், பலுன் (கேபிளை ஆன்டெனாவோடு சேர்க்கும் டிரான்ஸ்ஃபார்மர்), ஒரு முனையில் இணைக்கும் எண்ட்-ஃபெட் ஆன்டெனாவின் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் எத்தனை வாட் தாங்கும் என்று வாங்குமுன் பார்க்க வேண்டும். படிக்காமல் செருகியதற்கு விற்றவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கேள்வி: எஃப்.டி.8 (கணினி வழி அனுப்பும் டிஜிட்டல் முறை) மட்டும்தான். 50 வாட் லீனியர் தாங்குமா? (மதுரை)

25 வாட்டில் ஓட்டினால் தாங்கும். பேச்சில் இடைவெளி உண்டு. எஃப்.டி.8-இல் 15 விநாடிச் சுற்றுக்கு 12.64 விநாடி முழுச் சக்தி. ஃபேன் வையுங்கள். என்னைக் கேட்டால், எஃப்.டி.8-க்கு லீனியர் இல்லாத 5 வாட்டே போதும்.

கேள்வி: ரிக் 10 வாட் தருகிறது. லீனியரில் 'அதிகபட்ச உள்ளீடு 5 வாட்' என்றிருக்கிறது. பரவாயில்லையா? (புதுச்சேரி)

கூடாது. ரிக்கில் பவரைக் குறைக்க வசதி இருந்தால் 5-இல் வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் 3 டெசிபல் அட்டென்யூவேட்டர் (சக்தியைப் பாதியாக்குவது) ஒன்று போடுங்கள், 10 வாட் தாங்கக்கூடியதாகப் பார்த்து. மைக் கெயினைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள். உரக்கச் சொன்ன ஒரு 'ஹலோ'வில் லீனியரின் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் போய்விடும்.