சீருடைக்குச் சலுகையா? – கடிதம்

வணக்கம். அமெரிக்காவில் குற்றவழக்கில் சிக்கும் முன்னாள் ராணுவத்தினருக்குத் தனி நீதிமன்றம் இருக்கிறதாமே. சீருடை போட்டவர் என்பதற்காகவா இந்தச் சலுகை? சாமானியனுக்கு இல்லாதது அவருக்கு எதற்கு?
– கே.

அன்புள்ள கே.,

சாமானியனுக்கும் உண்டு. 1989இல் மயாமியில் தொடங்கிய போதைமருந்து நீதிமன்றம்தான் இதற்கு மூலம்; சிறைக்குப் பதிலாக நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சை தரும் முறை அது. 2008 ஜனவரியில் பஃபலோ நகரில் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் முன்னாள் வீரர்களுக்காக அந்த முறையில் இரண்டைச் சேர்த்தார். முன்னாள் படைவீரர் நலத்துறையின் ஊழியர் ஒருவர் நீதிமன்றத்திலேயே உட்கார்ந்திருப்பார். மருத்துவப் பதிவுகளைப் பார்த்து, அங்கேயே சிகிச்சைக்கு நாள் குறிப்பார். கூடவே, இன்னொரு முன்னாள் வீரர் தன்னார்வலராகத் துணை நிற்பார்.

சலுகை என்று நினைத்து உள்ளே போனால் திணறத்தான் வேண்டும். பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல் நீளும். தொடக்கத்தில் வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை நீதிபதி முன் நிற்கவேண்டும். முன்னறிவிப்பில்லாமல் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைப்பார்கள். போகாவிட்டால் குடித்ததாகவே கணக்கு. தண்ணீரை நிறையக் குடித்து நீர்த்துப்போன மாதிரியைக் கொடுத்தாலும் பல இடங்களில் அதே கணக்குத்தான். தவறினால் சமூக சேவை, மேலும் தவறினால் சில நாள் சிறை.

இடறும் இடங்கள் வேறு. குடித்துவிட்டு ஓட்டி உரிமம் இழந்தவர், பேருந்தே இல்லாத ஊரிலிருந்து எப்படி வருவார்? போர் தந்த மனநோயால் ஒழுங்கு தவறி, கெட்ட பெயரோடு படையிலிருந்து அனுப்பப்பட்டவருக்கு நலத்துறைச் சிகிச்சையே மறுக்கப்படலாம். நோய்தான் காரணம், அதற்கான மருந்தும் கிடையாது! அப்போது நீதிமன்றம் வெளியே மருத்துவமனை தேடவேண்டும். வன்முறை வழக்கென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் மாவட்டங்களும் உண்டு. சிகிச்சை அதிகம் தேவைப்படுபவரை வெளியே நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை, பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பை உறுதிசெய்ய முடியுமென்றால்.

இதில் சேரக் கையெழுத்திடும் முன் வழக்கறிஞரிடம் கேட்கவேண்டியது ஒன்று: குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமா? அப்படி ஒப்புக்கொண்டு பாதியில் வெளியேறினால் விசாரணை கிடையாது, நேரே தண்டனைதான். முழுதும் முடித்தால் பல நீதிமன்றங்களில் வழக்கு தள்ளுபடியாகும். ஆனால் கிரீன் கார்டோடு ராணுவத்தில் இருந்தவருக்கு அதுவும் போதாது. பின்னால் தள்ளுபடியானாலும், அந்த ஒப்புதலைக் குடியேற்றச் சட்டம் குற்றத்தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளக்கூடும், நாடுகடத்தல்வரை போகலாம். இந்த ஆபத்தை வழக்கறிஞர் சொல்லியாகவேண்டும் என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த படீயாவும் வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர்தான்.