மார்பகப் புற்றுநோய், எலும்புக் கட்டி ஆகிய இரண்டையும் ஒரே நோய்க்குறியியல் மருத்துவர் ஆய்வுத் துறையாகக் கொள்ளலாமா?

"மார்பகமா, எலும்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள், ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்காதே" எனப் பேராசிரியர் சொன்னதாக எழுதி, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே சொற்கள் என்னிடமும் சொல்லப்பட்டன. அன்று என்னிடம் பதில் இல்லாமல் போனதால்தான் இன்று நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் நோய்க்குறியியலில், அதாவது திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறியும் துறையில், முதுநிலைப் படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறீர்கள், இரண்டு துறைகளிலும் ஆர்வம் இருக்கிறது, ஒன்றைக் கைவிட மனம் வரவில்லை என்று ஊகித்துக்கொள்கிறேன். கைவிட வேண்டாம் என்பதே என் பதில். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இரண்டையும் பார்த்து வருகிறேன். இரண்டும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை நான் அறிவுக்கூர்மையால் கண்டடையவில்லை, என் கையெழுத்திட்ட ஒரு தவறான அறிக்கையின் வழியாகத்தான் வந்து சேர்ந்தேன்.

நான் தொடங்கியது எலும்பில். வளரும் பருவத்தினருக்குப் பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வரும் ஆஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய்க்கு முதலில் கீமோதெரபி கொடுத்து, பிறகு கட்டியை அறுவைசிகிச்சையில் அகற்றுவார்கள். அப்படி வரும் எலும்பை நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து, நடுப்பலகையைப் படமெடுத்து, அந்தப் படத்தின் மீது கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு துண்டு எடுத்து, கட்டியில் எவ்வளவு பங்கு மடிந்திருக்கிறது என்று நுண்ணோக்கியில் மதிப்பிட வேண்டும். 90 விழுக்காட்டுக்கு மேல் மடிந்திருந்தால் நல்ல பலன் என்று கொள்ளும் மரபு, ஆண்ட்ரூ ஹூவோஸ் என்ற நோய்க்குறியியல் மருத்துவரின் பெயரோடு சேர்ந்தது. அதே ஹூவோஸ்தான் 1971இல் தம் சக மருத்துவர்களோடு சேர்ந்து, மார்பகப் புற்றுநோய் அக்குள் நிணநீர்க் கணுக்களில் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிப் பரவியிருப்பதையும் அதைவிடப் பெரிதாகப் பரவியிருப்பதையும் பிரித்துப் பார்த்துக் கட்டுரை எழுதியவர். இரண்டும் ஒருவருக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களிடம் இதை நான் மறக்காமல் சொல்வதுண்டு.

மார்பகத்துக்கு வந்தபோது வேலையின் இயல்பே வேறாக இருந்தது. 1957இல் புளூமும் ரிச்சர்ட்சனும் வகுத்து, 1991இல் எல்ஸ்டனும் எல்லிஸும் செம்மைப்படுத்திய தரப்படுத்தலில், குழாய் அமைப்பு, உட்கருவின் ஒழுங்கின்மை, செல் பிரிவின் எண்ணிக்கை ஆகிய மூன்றுக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறோம். அதற்குப் பிறகு, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும், சில கட்டிகளில் மிகுந்து வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதமும் புற்றணுக்களில் இருக்கின்றனவா என்று நிறமேற்றிப் பார்க்கப்படுகின்றன. நோயாளிக்கு ஹார்மோன் சிகிச்சை கிடைக்குமா என்பது அந்த ஏற்பிச் சோதனையைப் பொறுத்தது. நூற்றில் ஒரு புற்றணுவின் உட்கருவில் நிறம் ஏறினாலே அதை நேர்மறை என்று எழுதுகிறோம். அவ்வளவு குறைந்த எல்லை என்பதால், "எதிர்மறை" என்று எழுதுவதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த உறுதியோடுதான் நான் ஒரு நாள் எழுதினேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய ஓர் அம்மையாருக்கு இடுப்பெலும்பில் வலி வந்து, ஊசி மூலம் பயாப்சி எடுத்து அனுப்பியிருந்தார்கள். பழைய கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மிகுதியாக இருந்தது. எலும்பில் வந்த கட்டியிலோ ஒரு செல்லில்கூட நிறம் இல்லை. ஹெர்-2 சோதனை இரண்டுங்கெட்டானாக 2+ என்று வந்தது. அதை உறுதிசெய்ய அனுப்பிய ஃபிஷ் சோதனையில், அதாவது ஹெர்-2 மரபணுவின் டிஎன்ஏவை ஒளிரும் புள்ளிகளாகக் காட்டும் சோதனையில், எந்த ஒளிப்புள்ளியும் தெரியவில்லை. பரவும்போது புற்றுநோய் தன் ஏற்பிகளை இழப்பது உண்மையிலேயே நிகழக்கூடியது என்பதால், அந்த விளக்கத்தோடு மன அமைதி கொண்டு கையெழுத்திட்டேன். அவருக்கு ஹார்மோன் சிகிச்சை தவிர்க்கப்பட்டுக் கீமோதெரபி தொடங்கப்பட்டது.

சில வாரங்கள் கழித்து அவருடைய மருத்துவர் தொலைபேசியில் அழைத்து, "ஃபிஷ் சோதனை ஏன் முழுவதுமாகத் தோற்றது?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி என்னை எலும்பு அறுத்த பழைய நாட்களுக்கு இழுத்துச் சென்றது. எலும்பை மெழுகில் பதித்து மெல்லிய சீவலாக வெட்டுவதற்கு முன் அதன் சுண்ணாம்பை நீக்க வேண்டும். நைட்ரிக் அல்லது ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதைச் சில மணி நேரத்தில் செய்துவிடும், ஆனால் சுண்ணாம்போடு சேர்த்து டிஎன்ஏவையும் சிதைக்கும், புரதங்களின் அடையாளத்தையும் குலைக்கும். மார்பகத் திசுவில் புற்றுக்கு அருகிலேயே இயல்பான பால்குழாய்கள் இருக்கும். அவற்றில் நிறம் ஏறியிருந்தால் சோதனை சரியாக நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம். இடுப்பெலும்பில் அப்படி ஒரு சாட்சி கிடையாது. எனவே மீண்டும் ஸ்லைடுகளை எடுத்து, பிரியும் செல்களைக் காட்டும் கேஐ-67 என்ற புரதத்துக்கு நிறமேற்றி மஜ்ஜையைப் பார்த்தேன். ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் இரத்த முன்னோடி அணுக்கள் அதில் பளிச்சென்று தெரிய வேண்டும். அவையும் வெளிறிக் கிடந்தன. கட்டி மாறவில்லை, எங்கள் அமிலம் சான்றை அழித்திருந்தது.

நல்வாய்ப்பாக, ஊசியோடு வந்த உறைந்த இரத்தத் துணுக்கு ஒன்றை எங்கள் ஆய்வக நுட்பர் அமிலத்தில் இடாமல் தனியாகப் பதித்து வைத்திருந்தார். அதில் இருந்த புற்றணுக்கள் அனைத்திலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அடர்ந்து தெரிந்தது. அறிக்கையைத் திருத்தி, மருத்துவரிடம் நானே பேசி, என் பிழை என்று எழுத்திலும் கொடுத்தேன். ஹார்மோன் சிகிச்சை தொடங்கியது. முதல் அறிக்கைக்கும் திருத்தத்துக்கும் இடையில் ஏழு வாரங்கள் கழிந்திருந்தன. அந்த ஏழு வாரங்களை நான் இன்னமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, "அமிலம் எல்லாப் புத்தகத்திலும் எச்சரிக்கப்பட்ட விஷயம்தானே, இதில் என்ன கண்டுபிடிப்பு?" என்று சிலர் கேட்பார்கள். கண்டுபிடிப்பு என்று நான் உரிமை கோரவில்லை. அமிலம் பயன்படுத்தும் ஆய்வகங்கள் எல்லாம் தவறு செய்கின்றன என்றும் சொல்லவில்லை. அமிலத்துக்கு மாற்றாகச் சுண்ணாம்பை மெதுவாக நீக்கும் ஈடிடிஏ என்ற கரைசல் டிஎன்ஏவைக் காப்பாற்றும் என்றாலும், நாட்கணக்கில், பெரிய துண்டானால் வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும். வலியோடு இருக்கும் ஒருவரிடம் காத்திருங்கள் என்று சொல்வது எளிதன்று. நான் சொல்வது, மார்பகம் மட்டும் பார்ப்பவருக்கு எலும்பு எந்தத் திரவத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை, எலும்பு மட்டும் பார்ப்பவருக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் முடிவு ஒருவர் வாழ்க்கையை எப்படித் திருப்பும் என்பது அன்றாடக் கவலையாக இருப்பதில்லை என்பதைத்தான். நான் இரண்டையும் பார்த்தவன், அப்படியிருந்தும் தவறினேன்.

அதற்குப் பிறகு என் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியில்தான் கழிந்திருக்கிறது: எவ்வளவு நேரம் எந்தத் திரவத்தில் இருந்தால் எந்தச் சோதனை நம்பகமாக இருக்கும்? பெயர் வாங்கித் தரும் ஆய்வு இதுவன்று. ஒரு மனக்குறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெரிய மருந்து ஆய்வுகளில் நாங்கள் ஆயிரக்கணக்கான ஸ்லைடுகளைப் படித்துக் கொடுத்திருக்கிறோம். கட்டுரை வெளிவரும்போது நன்றியுரையில் "ஆய்வகத்தார்" என்ற ஒரு சொல்லாக மட்டும் இருந்திருக்கிறோம். யாருக்கு மருந்து கொடுப்பது என்று முடிவு செய்ததே அந்தக் கண்கள்தாம். அந்தத் துணுக்கைத் தனியாக எடுத்து வைத்த நுட்பரின் பெயரை என் கட்டுரையில் ஆசிரியர் வரிசையில் சேர்ப்பதற்கே நான் கடுமையாக வாதாட வேண்டியிருந்தது.

இரண்டு துறைகளையும் இணைக்கும் பாதைகள் இன்னும் உண்டு. 1969இல் லீயும் ஃபிராமெனியும் விவரித்த குடும்பங்களில் இளம் வயது மார்பகப் புற்றுநோயும், எலும்பு, மென்திசு ஆகியவற்றில் வரும் சார்கோமா என்ற புற்றுநோய்களும் சேர்ந்தே வந்தன. 1990இல் அதற்குக் காரணம் கட்டி வளராமல் தடுக்கும் டிபி53 மரபணுவின் பிறவிப் பிழை என்று தெரிந்தது. 1889இலேயே ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கிலேய அறுவைமருத்துவர் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பேரின் பிணக்கூறாய்வுகளைப் பார்த்து, புற்று கண்ட இடத்தில் பரவுவதில்லை, விதைக்கேற்ற மண்ணில்தான் முளைக்கிறது என்று எழுதினார். அவர் கவனித்த மண்களில் ஒன்று எலும்பு.

பேராசிரியரோடு வாதிட வேண்டாம். எலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயை ஆய்வுத் தலைப்பாக எழுதிக் கொடுங்கள். அது ஒரே தலைப்புதான். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்று, உங்கள் ஆய்வகத்தின் பழைய எலும்பு பயாப்சி அறிக்கைகளை எடுத்து, சுண்ணாம்பு நீக்கிய திரவமும் நேரமும் எத்தனை அறிக்கைகளில் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று முதலில் எண்ணுங்கள். ஏற்பி எதிர்மறை என்று எழுதப்பட்டவற்றில், அமிலம் படாத மென்திசு மெழுகுக் கட்டியாக எஞ்சியிருப்பவற்றை மறுபடியும் நிறமேற்றிப் பாருங்கள். முடிவு மாறினால், நோயாளியின் மருத்துவருக்கு அன்றே தெரிவியுங்கள். கட்டுரையை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.