வாசகர் கேள்வி-பதில்: பட்டத்தின் உயிர் சூத்திரத்தில்

பள்ளி விடுமுறையை எதிர்நோக்கி வந்த கடிதங்களில் பட்டம் பற்றியவை இம்முறை மிகுதி. அவற்றுள், ஒற்றை நூலில் ஏற்றும் மரபுப் பட்டங்களைப் பற்றிய நான்கு கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகனுக்காக மூங்கில் குச்சியும் வண்ணத்தாளும் கொண்டு நானே ஒரு சாய்சதுரப் பட்டம் செய்தேன். மகன் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது சிறிது உயரம் ஏறியதும் சுழன்று குத்திட்டு விழுகிறது. வாலை நீட்டிப் பார்த்தும் பயனில்லை. குறை எங்கே இருக்கிறது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: பெரும்பாலும் சூத்திரத்தில்தான் இருக்கும். பட்டத்தின் முகப்பில் மேலே ஓரிடத்திலும் கீழே ஓரிடத்திலும் கட்டி, இடையில் பறக்கவிடும் நூலைப் பிணைக்கிறோமே, அந்தக் கயிற்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாண வழிவந்த குடும்பத்தினர் இதை முச்சை என்பார்கள். நூல் பிணையும் முடிச்சு எந்த இடத்தில் விழுகிறதோ அதைப் பொறுத்தே பட்டம் காற்றை எதிர்கொள்ளும் சாய்வு அமைகிறது. அந்தச் சாய்வு தவறினால், எவ்வளவு நேர்த்தியாக ஒட்டிய பட்டமானாலும் ஏறாது.

உங்கள் கடிதத்தில் அளவுகள் இல்லாததால், 90 செ.மீ. நீளமுள்ள நெடுங்குச்சியும் அதே நீளமுள்ள குறுக்குக்குச்சியும் கொண்ட பட்டத்தை வைத்து விளக்குகிறேன். குறுக்குக்குச்சி, நெடுங்குச்சியின் மேல்முனையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 18 செ.மீ. கீழே அமைய வேண்டும். சூத்திரத்தின் மேல்முனையை இரு குச்சிகளும் சந்திக்கும் இடத்திலும், கீழ்முனையை நெடுங்குச்சியின் அடிப்பகுதியிலும் கட்டுங்கள். பிறகு சூத்திரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தால் முடிச்சு விழும் இடம் சரியாகக் குறுக்குக்குச்சியின் முனையைத் தொட வேண்டும். இந்த அளவுள்ள பட்டத்தில் சூத்திரத்தின் மேல்முனையிலிருந்து முடிச்சு வரையுள்ள மேல்கால் ஏறத்தாழ 45 செ.மீ., முடிச்சிலிருந்து கீழ்முனை வரையுள்ள கீழ்க்கால் ஏறத்தாழ 85 செ.மீ. வரும். அந்த இடத்தில் இறுக்கமான முடிச்சுப் போட்டுவிடாமல், ஒரு சிறு வளையத்தைச் சுருக்கு முடிச்சால் கோத்துவிடுங்கள். அப்போதுதான் திடலில் நின்றபடியே அதை மேலும் கீழும் நகர்த்த முடியும். வளையத்தைப் பிடித்துத் தூக்கும்போது பட்டத்தின் முகப்பு மேல்நோக்கி இருக்க, மூக்கு, அதாவது மேல்முனை, சற்றே உயர்ந்து தொங்குமானால் தொடக்க நிலை சரியாக இருக்கிறது.

இனி அதன் போக்கைக் கவனியுங்கள். பட்டம் மேலே ஏறாமல் தாழ்வாகவே நின்றுகொண்டு, நூலைக் கனமாக இழுத்தபடி பின்பக்கத்தை ஆட்டினால், வளையம் மிகவும் கீழே இருக்கிறது என்று பொருள். அதை மூக்குப் பக்கமாக நகர்த்துங்கள். விறுவிறுவென்று ஏறிவிட்டு, நூலில் இழுப்பே இல்லாமல் படபடத்து முன்னோக்கிக் கவிழ்ந்தால், வளையம் மேலே போய்விட்டது. வால் பக்கமாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் அரை செ.மீ., மிஞ்சினால் ஒரு செ.மீ. அளவே நகர்த்த வேண்டும். பொறுமை இழந்து ஒரேயடியாக மூன்று விரற்கடை நகர்த்துகிறவர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பட்டம் எப்போதும் ஒரே பக்கமாகச் சுழல்கிறதென்றால், காரணம் சூத்திரமாக இருக்காது. இரு சிறகுகளும் சமமாக இல்லை. நெடுங்குச்சியின் மேல்முனையையும் கீழ்முனையையும் மட்டும் விரல்களால் தாங்கிப் பிடித்தால் கனமான பக்கம் தாழும். அந்தப் பக்கத்து மூங்கிலைக் கத்தியால் மெல்லச் சீவுங்கள். எடை சமமாக இருந்தும் சுழல்கிறதென்றால், குறுக்குக்குச்சி இருபுறமும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பாருங்கள். மூங்கிலில் கணு உள்ள பக்கம் வளைய மறுக்கும். ஆகவே குச்சியைத் தேர்ந்தெடுக்கும்போதே கணு நடுவில் வரும்படியோ, கணுவே இல்லாதபடியோ எடுத்துக்கொள்வது நல்லது.

வாலைப் பற்றி ஒரு சொல். தட்டையான சாய்சதுரப் பட்டத்துக்குத் தன் நீளத்தைப்போல் ஆறு மடங்கு வால் வேண்டும். மேலே சொன்ன அளவுள்ள பட்டத்துக்கு அது ஐந்து மீட்டருக்கும் மேல். நம் சிங்கப்பூரின் மெல்லிய காற்றில் அது பெருஞ்சுமை. அதற்குப் பதிலாகக் குறுக்குக்குச்சியின் இரு முனைகளையும் பட்டத்தின் முதுகுப் பக்கமாக ஒரு நூலால் இழுத்துக் கட்டி, வில்லின் ஆழம் 9 செ.மீ. இருக்குமாறு வளைத்துவிடுங்கள். வளைந்த பட்டம் ஒருபுறம் சாயும்போது தாழ்ந்த சிறகு காற்றுக்கு அதிகப் பரப்பைக் காட்டுவதால், காற்றே அதைத் தள்ளி நிமிர்த்திவிடுகிறது, வாலே தேவைப்படுவதில்லை. 1890களில் அமெரிக்கரான வில்லியம் எடி, வாலில்லாத ஜாவானியப் பட்டங்களை முன்மாதிரியாகக் கொண்டு இவ்வடிவத்தை வகுத்து, 1900இல் காப்புரிமையும் பெற்றார். மேலை நாடுகளில் அதற்கு மலாய்ப் பட்டம் என்றே பெயர் வழங்கியது. நம் வட்டாரத்துக் கைவினைஞர்களின் அறிவு அது என்பதை மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கடைசியாக, ஓட வேண்டாம். ஓடும்போது வேகம் ஒரே சீராக இருப்பதில்லை. பின்னால் வரும் பட்டத்தைப் பார்க்கவும் முடிவதில்லை. நீங்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளுங்கள். மகன் பட்டத்துடன் காற்று போகும் திசையில் 20 அல்லது 25 மீட்டர் தள்ளிச் சென்று, மூக்கு மேலே இருக்கும்படி பிடித்து நிற்கட்டும். நூல் விறைத்து, காற்றும் வந்ததும், அவர் கையை எடுத்துவிட வேண்டும், தூக்கி எறியக்கூடாது. நீங்கள் கை மாற்றிக் கை மாற்றி நூலை இழுத்தால் பட்டம் நேராக மேலெழும். அது தலைகீழாகத் திரும்பும் நேரத்தில் மட்டும் இழுக்காதீர்கள். இழுத்தால், எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அந்தத் திசையிலேயே அது வேகமெடுக்கும். நூலைத் தளர்த்திவிட்டால் பட்டம் மிதந்து நிமிரும். நிமிர்ந்த பிறகு இழுங்கள்.

கேள்வி: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் அருகே பெரிய திடல் இருக்கிறது. ஆனாலும் அங்கே பட்டம் நிலையாக நிற்பதில்லை. சிங்கப்பூரில் எந்த மாதத்தில், எங்கே சென்றால் நல்ல காற்று கிடைக்கும்? (பொங்கோல் வாசகி)

பதில்: அந்தத் திடல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றே முப்பது மீட்டருக்கும் மேல் உயரமானது என்பதை நினைவில் வையுங்கள். அதன்மேல் மோதிக் கலைந்த காற்று, அவ்வுயரத்தைப்போல் பல மடங்கு தொலைவுக்குச் சுழன்று சுழன்றுதான் செல்லும். பட்டம் திடீரென்று ஏறுவதும் உடனே தொய்வதும் அதனால்தான். காற்று வரும் பக்கத்தில் கட்டடமோ மர வரிசையோ இல்லாத இடமாகத் தேடுங்கள்.

நம் ஊரில் தரையோரக் காற்றின் சராசரி வேகம் பொதுவாக நொடிக்கு 2.5 மீட்டருக்கும், அதாவது மணிக்கு 9 கி.மீ.க்கும் குறைவு. சாதாரணப் பட்டத்துக்கு மணிக்கு 10 முதல் 25 கி.மீ. வரை வேண்டும். இலைகள் ஓயாமல் அசைந்து, சிறு கொடி விரிந்து பறந்தால் போதுமான காற்று இருக்கிறது என்று கொள்ளலாம். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்றும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும் வீசுகின்றன. மழை ஓய்ந்த ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் எனக்கு மிகவும் பிடித்த காலம். தைப்பொங்கலன்று யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பெரும் பட்டத் திருவிழா நடப்பதும் வடகிழக்குப் பருவக்காற்றின் துணையோடுதான். பருவங்களுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் காற்று மெலிந்து, திசையும் மாறிக்கொண்டே இருக்கும். அப்போது பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்றை நம்பியே போக வேண்டும்.

இடம் என்று கேட்டால், 2008இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையை முதலில் சொல்வேன். அங்கே மரங்கள் குறுக்கிடுவதில்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் நீர்த்தேக்கம். வாரயிறுதி மாலைகளில் கூட்டம் மிகுதி என்பதால், நூல்கள் சிக்காமல் இருக்கக் காலையிலேயே போய்விடுவது நல்லது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கரை தென்கிழக்கைப் பார்த்தது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை கடற்காற்று தடையின்றி வரும். ஜனவரியிலோ காற்று குடியிருப்புகளையும் மரங்களையும் கடந்து நிலத்திலிருந்து வருவதால் கலங்கலாக இருக்கும். நூல் அறுந்தால் பட்டம் கடலுக்குப் போய்விடும்.

மின்னலை மட்டும் ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள். உலகிலேயே மின்னல் மிகுந்த பகுதிகளுள் நம் தீவும் ஒன்று. தொலைவில் இடி கேட்டாலே நூலைச் சுற்றிவிட்டுக் கூரைக்குக் கீழே சென்றுவிட வேண்டும். பட்டம் உயரே இருக்கிறதே, இறக்க நேரமாகுமே என்று தயங்கினால், நூலை அறுத்துவிட்டு ஓடுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையிலும் காலையிலும் வரக்கூடிய சுமத்ரா சூறைக்காற்று மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் திடீரென்று வீசும். மேற்கு வானம் கறுத்தால் அன்று பட்டத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: என் இளமையில் கம்பத்தில் (சிற்றூரில்) வாழ்ந்தபோது கண்ணாடித் தூளைப் பசையில் குழைத்து நூலில் பூசி, மற்றவர்களின் பட்டங்களை அறுப்போம். பேரப்பிள்ளைகளுக்கும் அந்தக் கலையைக் காட்ட விரும்புகிறேன். செய்யலாமா? (ஈசூன் வாசகர்)

பதில்: ஐயா, அன்புடன் சொல்கிறேன், வேண்டாம். உங்கள் காலத்துக் கம்பத்தில் பட்டம் விட்டவர்கள் அனைவருக்கும் அந்த நூலைப் பற்றித் தெரிந்திருந்தது. இன்று நீங்கள் போகும் பூங்காவில் மிதிவண்டி ஓட்டுபவருக்கும் மணலில் விளையாடும் குழந்தைக்கும் அது கண்ணுக்கே தெரியாது. தமிழ்நாட்டில் மாஞ்சா நூல் கழுத்தறுத்து உயிர் பறித்த செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். மனிதர்களுக்கும் பறவைகளுக்கும் நேர்ந்த கேட்டை முன்னிட்டே இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் அத்தகைய நூல்களுக்குத் தடை விதித்தது.

பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட உங்களிடம் வேறு கலை நிறைய இருக்கிறது. மூங்கிலைப் பிளந்து சீவுவதும், தாளைச் சுருக்கம் விழாமல் ஒட்டுவதும், விரலில் படும் இழுப்பை வைத்தே காற்றை அறிவதும் கடையில் கிடைப்பவை அல்ல. அவர்களுக்குச் சாதாரணப் பருத்தி நூலோ, 9 கிலோ எடை தாங்கும் பாலியெஸ்டர் நூலோ போதும். மெல்லிய நூலும் வேகமாக ஓடினால் விரலைக் கிழிக்கும் என்பதால், கையுறை போட்டுவிடுங்கள்.

கேள்வி: மலேசியாவின் கிளந்தானிலிருந்து நண்பர் ஒரு பெரிய வாவ் பூலான் பட்டம் வாங்கி வந்து கொடுத்தார். சுவரில் மாட்டுவதா, பறக்கவிடுவதா? பறக்கவிட அனுமதி தேவையா? (ஜூரோங் வாசகர்)

பதில்: முதலில் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள். மலேசியாவின் ஒரு ரிங்கிட் தாளில் இடம்பெற்றிருக்கும் அந்தப் பிறை வடிவப் பட்டம் இன்று பெருமளவில் அலங்காரப் பொருளாகவும் விற்கப்படுகிறது. அலங்காரத்துக்கான பட்டத்தில் குச்சிகள் தடித்திருக்கும், வண்ணத்தாள் பல அடுக்குகளாக ஒட்டப்பட்டிருக்கும், சூத்திரம் பெயருக்குக் கட்டப்பட்டிருக்கும். பறப்பதற்கென்று செய்ததில் சிறகுக் குச்சிகள் முனை நோக்கி மெலிந்து, இருபுறமும் ஒரே அளவில் வளையும். வளைத்துப் பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும்.

பறக்கும் பட்டம்தான் என்றால் அதைச் சுவரில் மாட்டி வைப்பது எனக்கு வருத்தம் தரும். தலைப்பகுதியில் உள்ள வில்லில் கட்டிய மெல்லிய பட்டை காற்றில் அதிர்ந்து எழுப்பும் ரீங்காரம் வானத்தில்தான் பிறக்கும். யாழ்ப்பாணத்தார் தம் பட்டங்களில் கட்டும் ‘விண்’ என்னும் ஒலியெழுப்பியும் இதே முறையில் ஒலிப்பதுதான். ஆனால் முதல் ஏற்றத்தில் வில்லைக் கழற்றி வைத்துவிடுங்கள். தலைக்கனம் குறைந்தால் சூத்திரத்தைச் சரிசெய்வது எளிது. இந்தப் பட்டத்தை ஏற்ற இருவர் வேண்டும், பருவக்காற்று நன்றாக வீசும் நாளும் வேண்டும். சிறு பட்டத்தின் நூல் இதற்குத் தாங்காது.

அனுமதியைப் பொறுத்தவரை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டருக்கு மேலே பட்டம் விடுவதற்கும், விமான நிலையங்களிலிருந்தும் ஆகாயப்படைத் தளங்களிலிருந்தும் 5 கி.மீ. தொலைவுக்குள் விடுவதற்கும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று தீவெங்கும் இவை பரவியிருப்பதால், புறப்படும் முன் ஆணையத்தின் இணையத்தளத்தில் நீங்கள் போகும் இடத்தையும் அப்போதைய விதிகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நூலில் 50 மீட்டரில் ஒரு சிவப்புத் துணித்துண்டைக் கட்டிவிட்டால், எவ்வளவு நூல் விட்டிருக்கிறோம் என்ற ஐயம் எழாது.