கார் எப்ப சூடாகுது? பழைய சின்னக் கார்க்காரரின் கேள்விகளும் என் பதில்களும்

தெமட்டகொடையில் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் திரும்பத் திறந்தாலும் புதுக் கார் விலையைக் கேட்டால் நமக்குத்தான் சூடு ஏறுது. அதனால் இருபது, இருபத்தைந்து வயதுக் கார்கள் எல்லாம் கொழும்பில் இன்னும் ஓடுகின்றன. கேள்வி கேளுங்க என்று சொன்னதும் வந்ததில் முக்கால்வாசி என்ஜின் சூடு பற்றித்தான். "கார் சூடாகுது" என்று மட்டும் எழுதியவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எப்ப, எங்க, எவ்வளவு நேரத்தில் என்று எழுதியவர்களுக்குக் கீழே.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அக்கா: அண்ணை, எங்கட மாருதி 800 பின்னேரம் காலி வீதி நெரிசலிலை நிண்டால் முள்ளு மேல போகுது. மரைன் டிரைவுக்கு இறங்கி ஓடினா தானா இறங்குது. ரேடியேற்றர் மாத்தச் சொல்லுகினம். மாத்தட்டோ?

மாத்தாதீங்க அக்கா. ஓடும்போது காற்று தானாக ரேடியேற்றருக்குள் போகுது. நிற்கும்போது ஃபேன்தான் இழுத்துக் கொடுக்க வேணும். ஓடினால் இறங்குது என்றால் ரேடியேற்றர் தன் வேலையைச் செய்யுது, ஃபேன்தான் செய்யவில்லை. முதலில் பியூஸ், பிறகு ரிலே, பிறகு ரேடியேற்றரில் பூட்டியிருக்கிற ஃபேன் சுவிட்ச். அது பொதுவாக 90 பாகைக்கு மேல் போனதும் ஃபேனைப் போடும். இரண்டு வயர் சுவிட்ச் என்றால் சொக்கட்டைக் கழற்றி, சாவியை ஓனில் வைத்து, அந்த இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்க. ஃபேன் சுற்றினால் சுவிட்ச் செத்துவிட்டது. சுற்றாவிட்டால் மோட்டார் பக்கம் பாருங்க. கையை மட்டும் ஃபேனுக்குள் விடாதீங்க, அது சொல்லாமல் சுற்றும்.

கடற்கரைப் பக்கக் கார்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் சொக்கட் ஊசிகள் பச்சையாகப் பூத்துவிடும், ஃபேனின் எர்த் வயர் துருப்பிடிக்கும். அதைச் சுரண்டித் துடைத்ததோடு சுகமான கார்கள் எத்தனையோ. அப்படியே ரேடியேற்றரின் தகடுகளை விரலால் மெல்லத் தட்டிப் பாருங்க. வெள்ளைத் தூளாகக் கொட்டினால் அப்போது மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: எனக்குத் தலைகீழ். பழைய விட்ஸ். ஊருக்குள் ஒரு பிரச்சினையும் இல்லை. தெற்கு அதிவேகப் பாதையில் 100இல் பத்து நிமிஷம் ஓடினால் முள் ஏறுது. ஃபேன் நன்றாகச் சுற்றுது.

அப்போ காற்றில் குறையில்லை, தண்ணீர் ஓட்டத்தில்தான் குறை. வேகமாக ஓடும்போது என்ஜின் கொடுக்கிற சூட்டை அள்ளிக்கொண்டு போக அவ்வளவு தண்ணீர் சுற்ற வேணும். உள்ளே அடைத்த ரேடியேற்றர், பாதி திறக்கிற தேர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடுகிற வால்வு), இறக்கை அரித்த வோட்டர் பம்ப், இந்த மூன்றில் ஒன்று. நாலாவதாக, பலர் பார்க்காதது, கீழ் ஹோஸ். பழசாகி மெத்தென்று ஆனால் பம்ப் இழுக்கும்போது சப்பிப் போகும். என்ஜினை நிற்கிற இடத்தில் வைத்து ஒருவரை எக்சலேட்டர் மிதிக்கச் சொல்லிக் கண்ணால் பாருங்க.

ரேடியேற்றர் அடைப்பா என்று பார்க்க, நன்றாக ஓடி வந்து என்ஜினை நிறுத்தி, ஃபேன் சொக்கட்டைக் கழற்றிவிட்டு, தகடுகளின் மேல் உள்ளங்கையை நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டு போங்க. நடுவில் ஒரு திட்டு மட்டும் சூடில்லாமல் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை. முந்தின பித்தளை ரேடியேற்றர் என்றால் தாங்கியைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். பிளாஸ்டிக் தாங்கி வைத்த அலுமினியத்துக்கு அது சரிவராது, புதுசுதான். பஞ்சிகாவத்தையில் பாவித்தது வாங்கப் போனால் ஃபோன் லைட்டை வாய்க்குள் அடித்துப் பாருங்க. உள்ளே மண்ணிறச் சேறு தெரிந்தால் உங்கள் நோயையே திரும்பக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

மருதானையிலிருந்து: நாநா, ரெண்டு வருஷத்துக்கு முந்தி நிசான் மார்ச் காருக்கு சூடு வந்தப்போ கராஜ் பாஸ் தேர்மோஸ்டாட்ட கழட்டி வீசிட்டார். சூடு நிண்டுச்சு. இப்ப பெற்றோல் தாறுமாறா குடிக்குது, புகைப் பரிசோதனையிலயும் பெயில். சம்பந்தம் இருக்கா?

இருக்கு தம்பி, நிறைய. நம்ம நாடு எப்பவும் சூடு, தேர்மோஸ்டாட் வெள்ளைக்காரன் குளிருக்குச் செய்தது என்கிற கதையை நானும் பழகும் காலத்தில் நம்பியவன்தான். என்ஜினுக்கு வெளிக் காலநிலை கணக்கில்லை, அதற்கு உள்ளே 80, 90 பாகை வேணும். அது எட்டாவிட்டால் கம்பியூட்டர் "என்ஜின் இன்னும் குளிர்" என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டி ஊற்றும். எரியாமல் போகிறது காபன் மொனொக்சைட்டாகப் பரிசோதனைக்காரரின் குழாயில் தெரியும். சில என்ஜின்களில் தேர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியால் திரும்பி வந்து சூடு கூடவும் செய்யும்.

புதுசு வாங்கிப் பூட்டுங்க. பூட்ட முன்னம் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்து அதில் தொங்கவிட்டுச் சூடாக்குங்க. 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, கொதி வரும் முன் 8 மில்லிமீற்றர் அளவுக்காவது விலக வேணும். சின்ன ஆடுகிற ஊசி ஒன்று இருந்தால் அது மேல்பக்கம் வர வேணும், காற்று வெளியேறுகிற வழி அதுதான். முதல் வந்த சூட்டுக்குக் காரணம் என்னவென்று பாஸ் பார்க்கவே இல்லை போல. அது திரும்ப வந்தால் மறைக்காமல் தேடுங்க.

பொரளையிலிருந்து: முள் நடுவில்தான் நிற்கிறது, ஆனால் கருகின வாசனை. மீற்றரை நம்பலாமா?

நம்பாதீங்க. உடனே நிறுத்துங்க. சென்சர் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீரே இல்லாவிட்டால் அது நீராவிக்கும் காற்றுக்கும் நடுவில் சும்மா தொங்கும். கண்டி போகும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் எனக்கே நடந்தது. மேல் ஹோஸ் வெடித்தது பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. முள் நடுவில், பிறகு நடுவுக்கும் கீழே. "ஆ, குளிர்ப் பிரதேசம் வந்துட்டுது" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். இரண்டு வளைவு தாண்ட முதல் என்ஜின் கட கட என்று தட்டத் தொடங்கியது. மெக்கானிக்கின் கார் என்றுதான் பெயர், சிலிண்டர்களுக்கு மேலே பூட்டுகிற ஹெட் வளைந்தது.

தெஹிவளையிலிருந்து ஒரு ஐயா: ரேடியேற்றருக்கு விடுகிற கூலண்ட் சிவப்பா பச்சையா? யாழ்ப்பாணம் போனால் கிணற்றுத் தண்ணீர் விடலாமா?

நிறத்துக்கு ஒரு சட்டமும் இல்லை ஐயா, ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்குச் சாயம் போடுது. கார்ப் புத்தகத்தில் சொன்ன வகையைப் பாருங்க, இரண்டைக் கலக்காதீங்க. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளை ரேடியேற்றருக்குள்ளும் படியும். அவசரத்துக்கு விட்டால் கொழும்பு வந்ததும் கழுவிவிடுங்க.

கிராண்ட்பாஸிலிருந்து: தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் கிழமைக்கு அரைப் போத்தல் தண்ணீர் குறையுது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நிமிஷம் ஆடுது, வெள்ளைப் புகை. பிறகு நல்ல பிள்ளை.

நல்ல பிள்ளை இல்லை தம்பி. ஹெட்டுக்குக் கீழே வைக்கிற கேஸ்கட்டில் மயிரளவு வழி திறந்திருக்கும் போல. காரை நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் அழுத்தத்தில் நிற்கிற தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் கசியும், காலையில் அந்த சிலிண்டர் நனைந்து ஆடும். நாளைக்குக் காலையில் ஸ்டார்ட் பண்ண முதல் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்க. மற்றதெல்லாம் மண்ணிறமாக இருக்க ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல் பளிச்சென்று இருந்தால் சிலிண்டர் அதுதான்.

அடுத்து, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேற்றர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்க. தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வரலாம். சோடாப் போத்தல் மாதிரி விடாமல் வந்தால் எரிந்த காற்று தண்ணீருக்குள் வருது. உறுதிப்படுத்த நீலத் திரவப் பரிசோதனை இருக்கு: ரேடியேற்றர் வாயின் காற்றை அதற்குள் இழுத்தால் மஞ்சளாகும். ஒயில் மூடிக்குக் கீழே மயோனைஸ் மாதிரி இருக்கு என்று மட்டும் பயப்படாதீங்க. கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற காரில் ஈரத்தாலும் அப்படி வரும். ஒயில் மட்டம் பார்க்கிற டிப் ஸ்டிக்கிலும் பால் தேத்தண்ணி நிறம் என்றால்தான் பயப்பட வேணும்.

ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்ட விடாதீங்க. நேர் விளிம்புக் கம்பியை வைத்துக் கீழே ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க. பல சின்ன அலுமினிய ஹெட்களுக்கு 0.05 மில்லிமீற்றர்தான் எல்லை. அதற்கு மேல் வளைந்தால் மெஷினில் சீவி மட்டமாக்காமல் பூட்டுவது வீண், ஆறு மாதத்தில் என்னிடம் வருவீர்கள். முட்டை வெள்ளைக்கரு, மஞ்சள்தூள், போத்தலில் விற்கிற அடைப்பு மருந்து எல்லாம் ஓட்டையை அடைக்க முன்னம் ரேடியேற்றரை அடைக்கும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: ரோட்டில் முள் சிவப்புக்குப் போனால் உடனே என்ன செய்ய?

ஏசியை நிறுத்துங்க. ஹீற்றர் வேலை செய்யுமானால் முழுதாகப் போடுங்க, வியர்த்தாலும் பரவாயில்லை, அது இரண்டாவது ரேடியேற்றர். ஓரம் கட்டுங்க. ஆவி வந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ என்ஜினை நிறுத்துங்க. அரை மணித்தியாலம் ரேடியேற்றர் மூடியில் கை வைக்காதீங்க. ஆறின பிறகும் தடித்த துணியால் மெல்லத் திறவுங்க. கொதிக்கிற என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம்.

அதே ஆள் திரும்ப: மூடி என்றதும் ஞாபகம் வந்தது. கடையில் 0.9, 1.1 என்று அழுத்த அளவு போட்ட இரண்டு மூடி தந்தார்கள். பெரியது நல்லதா?

இல்லை. பழைய மூடியில் என்ன இருக்கோ அதே. 0.9 மூடி அழுத்தத்தைப் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 பாகை வரை கொதிக்காது. பிடிக்காவிட்டால் 100இலேயே கொதிக்கும், மற்றதெல்லாம் நல்லாயிருந்தும் கார் பொங்கும். பழைய ஹோஸ் இருக்கிற காரில் 1.1 போட்டால் ஹோஸ்தான் முதலில் பிளக்கும். மூடியைத் திருப்பி ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்க. நகத்தடம் அப்படியே நின்றால் இன்றைக்கே மாற்றுங்க.