பதில்: பசுமைக் காப்புரிமை கூடினால் கார்பனும் கூடுகிறதே, தரவு தப்பா?

பல நாடுகளின் தரவில் பசுமைக் காப்புரிமை (சூழலுக்கு உகந்த தொழில்நுட்பத்துக்கான காப்புரிமை), அந்நிய முதலீடு, வருமானம் ஆகியவற்றைக் கார்பன் உமிழ்வோடு ஒப்பிட்டு ஓட்டியதில், காப்புரிமைக்குக் கூட்டல் குறி வந்ததென்று கேட்டிருந்தீர்கள். தரவு தப்பாக இருக்க வேண்டியதில்லைங்க. காப்புரிமை பதிவான வருஷமே ஆலையில் புகை குறைந்துவிடாது. அது இயந்திரமாகிக் களத்துக்கு வரப் பல வருஷம் பிடிக்கும். மூன்று, ஐந்து வருஷம் பின்தள்ளி, அதாவது அன்றைய காப்புரிமையை இன்றைய புகையோடு ஒப்பிட்டு, ஓட்டிப் பாருங்கள். நாட்டுக்கும் ஆண்டுக்கும் நிலை விளைவு (fixed effects: ஒவ்வொரு நாட்டின் மாறாத தன்மையையும், ஒவ்வொரு ஆண்டிலும் எல்லா நாட்டுக்கும் பொதுவான மாற்றத்தையும் கழித்துவிடுவது) சேர்த்தீர்களா? இல்லையென்றால், பணக்கார நாடுகள் காப்புரிமையும் அதிகம் எடுக்கும், புகையும் அதிகம் விடும். உங்கள் கூட்டல் குறி அங்கிருந்தே வந்திருக்கலாம்.

அந்நிய முதலீட்டைத் துறைவாரியாகப் பிரியுங்கள். சிமென்ட் ஆலைக்கு வந்த டாலரும் சூரிய மின்நிலையத்துக்கு வந்த டாலரும் ஒரே நெடுவரிசையில் கிடந்தால் ஒன்றையொன்று அடித்துவிடும்.

தலைகீழ் யு வளைவு, அதாவது வருமானம் கூடக் கூட மாசு முதலில் ஏறி, ஒரு திருப்புமுனைக்குப் பின் இறங்கும் என்பது? 1991இல் பொருளியலாளர்கள் கிராஸ்மனும் குரூகரும் அதைப் பார்த்தது கந்தக டை ஆக்ஸைடிலும் புகையிலும், கார்பனில் அல்ல. திருப்புமுனை உங்கள் தரவின் வருமான எல்லைக்கு வெளியே விழுந்தால், வளைவு இருக்கிறதென்று எழுதாதீர்கள்.